இட்ட கட்டளையும் மீளாத கட்டளையும்

*உயிரணுப் பிளவை ஆளும் புரதக் கைனேஸ்கள், அவற்றுள் ஒன்று நெறி பிறழ்ந்ததால் எழுந்த இரத்தப் புற்றுநோய், அதனை அடக்க வந்த ஒரு மாத்திரை ஆகியவற்றின் வரலாறு*

நாம் உண்டும் உறங்கியும் உரையாடியும் காலம் கழிக்கின்ற ஒவ்வொரு நொடியிலும், நம் எலும்பு மஜ்ஜையிலும் குடலின் உட்சுவரிலும் தோலின் அடியடுக்கிலும் லட்சக்கணக்கான உயிரணுக்கள் ஒன்று இரண்டாகப் பிளவுற்று, தேய்ந்து மடிந்தவற்றின் இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கின்றன. பிளவுறுவதற்கு முன்னால் ஒவ்வோர் உயிரணுவும், விரித்து வைத்தால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம் வரக்கூடிய தன் டி.என்.ஏ. இழை முழுவதையும் பிசகின்றிப் படியெடுத்து, 46 குரோமோசோம்களையும் இரட்டித்து, இரு சேய் உயிரணுக்களுக்கும் சமமாகப் பங்கிட்டுத் தர வேண்டியிருக்கிறது. இத்துணை நுட்பமான காரியம் நமது பிரக்ஞைக்கு எட்டாமலே, வாழ்நாள் நெடுக, பெரும்பாலும் பழுதின்றி நடந்துவருகிறது.

இதனை எப்போது தொடங்குவது, எவ்விடத்தில் நிதானிப்பது, எப்போது முடித்துக்கொள்வது என்று உத்தரவிடும் அதிகாரம் பெரிதும் ஒருவகைப் புரதங்களிடம் இருக்கிறது. புரதக் கைனேஸ்கள் என்று அவற்றுக்குப் பெயர். அவை செய்யும் வேலையைச் சொன்னால் மிகச் சாமானியமாகத் தோன்றும். உயிரணுவின் சக்தி நாணயமாகிய ஏ.டி.பி. என்னும் மூலக்கூறின் நுனியிலுள்ள பாஸ்பேட் தொகுதியைக் கழற்றி, வேறொரு புரதத்திலுள்ள செரின், திரியோனின், டைரோசின் என்ற அமினோ அமிலங்களுள் ஒன்றின்மீது ஒட்டிவிடுகின்றன, அவ்வளவே. ஆனால் அந்தச் சிறு தொகுதி சுமந்துவரும் எதிர்மின்னேற்றத்தால் புரதத்தின் வடிவம் மாறுகிறது. வடிவம் மாறவே குணமும் மாறி, உறங்கிக் கிடந்தது விழிக்கிறது, விழித்திருந்தது அடங்குகிறது, தனித்திருந்தது பிறிதொன்றோடு கூடுகிறது. மனித மரபணுத் தொகுதியில் இத்தகைய கைனேஸ்கள் 518 இருப்பதாக 2002-ல் கணக்கிட்டார்கள்.

ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றுவதற்கென்றே பாஸ்படேஸ்கள் என்ற வேறொரு கூட்டமும் உயிரணுவில் உண்டு. ஏரி மதகைத் திறக்கத் தெரிந்த நீர்க்கட்டிக்கு அதனை உரிய வேளையில் அடைக்கவும் தெரிந்திருந்தால்தான் பயிர் பிழைக்கும். உயிரணுவின் க்ஷேமமும் அவ்வாறே, கட்டளை இடும் ஆற்றலைப் போலவே, இட்ட கட்டளையை மீட்டுக்கொள்ளும் ஆற்றலையும் நம்பியிருக்கிறது. அந்த மீட்சி அற்றுப்போன இடத்தில்தான் பலவகைப் புற்றுநோய்கள் பிறக்கின்றன. இந்த உண்மையை மனிதகுலத்துக்கு ஈட்டித் தந்தவர்களுள் மிகப் பலர் புற்றுநோய்க்கு மருந்து தேடிப் புறப்பட்டவர்கள் அல்லர் என்பது, நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய விஷயமாகும்.

வடிதாள் சொன்ன செய்தி

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், 1950-களின் நடுப்பகுதியில் எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் ஃபிஷர் என்ற இருவரும் எடுத்துக்கொண்ட கேள்வி தசையைப் பற்றியது. தசை உழைக்கும்போது அதில் சேமித்து வைத்த கிளைகோஜன் எவ்வாறு உடைபட்டுச் சக்தியாகிறது என்பதே அவர்கள் அறிய விரும்பியது. அதனை உடைக்கும் பாஸ்பாரிலேஸ் என்னும் நொதி, ஊக்கமுள்ள வடிவம் ஊக்கமற்ற வடிவம் என இரு நிலைகளில் இருப்பதை, நோபல் பரிசு பெற்ற கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியர் முன்பே கண்டிருந்தனர். ஆயினும் ஒன்று மற்றொன்றாக மாறும் ரகசியம் விளங்காமலே இருந்தது.

கோரி தம்பதியரின் செய்முறையை ஒட்டித் தசைச்சாற்றை வடிதாளில் வடிகட்டினால் ஊக்கமுள்ள வடிவம் கிடைத்தது. வடிதாளை விட்டுவிட்டு, சாற்றை மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றித் தெளியவைத்தாலோ ஊக்கமற்ற வடிவமே மிஞ்சியது. வேறொருவராயிருந்தால் பழைய முறைக்கே திரும்பி, நொதி கிடைத்தது போதும் என்று வேலையைத் தொடர்ந்திருக்கக் கூடும். இவ்விருவரோ ஒரு காகிதத் துண்டு நொதியின் குணத்தை மாற்றுவது எங்ஙனம் என்று விடாது துருவினார்கள். வடிதாளிலிருந்து கரைந்து வந்த அற்ப அளவு கால்சியம், சாற்றில் மறைந்திருந்த மற்றொரு நொதியை எழுப்பிவிட்டிருந்தது. எழுந்த அந்நொதி ஏ.டி.பி.யின் பாஸ்பேட்டை எடுத்துப் பாஸ்பாரிலேஸின்மீது ஒட்டியிருந்தது. அதைக் கழற்றினால் நொதி மீண்டும் அடங்கிவிடுவதையும் கண்டார்கள். கைனேஸின் செயலும், அச்செயல் மீட்கத்தக்கது என்ற தத்துவமும் இவ்வாறு நிலைபெற்றன. அப்போது தசைக்கு மட்டுமே உரியதென்று பலர் கருதிய இந்த நியதி, உயிருலகம் முழுவதையும் தழுவியது என்று தெளிவதற்கு நெடுங்காலம் பிடித்தது. அவ்விருவருக்கும் நோபல் பரிசு 1992-ல்தான் வழங்கப்பட்டது.

ஈஸ்டும் கடல் முள்ளெலியும்

உயிரணு பிளவுறுவதைக் கைனேஸ்களே ஆளுகின்றன என்ற செய்தி வேறு திசையிலிருந்து வந்தது. ரொட்டிக்கு மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டை ஆராய்ந்த லீலண்ட் ஹார்ட்வெல், பிளவின் வெவ்வேறு கட்டங்களில் தடைப்பட்டு நின்றுவிடும் ஈஸ்ட் வகைகளை 1970-களின் தொடக்கத்தில் பிரித்தெடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய மரபணுக்கள் உண்டென்று நிறுவினார். அதே காலத்தில் எடின்பரோவில் இளைஞர் பால் நர்ஸ் வேறோர் ஈஸ்டில், வழக்கமான பருமனை அடையுமுன்பே அவசரப்பட்டுப் பிளவுற்று, அதனால் உருவிற் குறுகிப்போன வகைகளைத் தேடிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ ஐம்பது வகைகள் கிடைத்தும் அவையெல்லாம் ஒரே மரபணுவின் பழுதாகவே இருந்தமையால் அவர் சலிப்புற்றிருந்த வேளையில், பூஞ்சை படர்ந்து கெட்டுப்போன தட்டு ஒன்றில் மேலும் ஒரு குறுகிய வகை தென்பட்டது. அதையும் குப்பையில் எறிந்துவிட்டு வீடு சென்றவர், மனம் கேளாமல் அன்று மாலையே மழையில் திரும்பி வந்து அந்தத் தட்டைத் தேடி எடுத்தார். அதில் இருந்த பழுது வேறொரு மரபணுவைச் சார்ந்தது. உயிரணு பிளவுறும் தருணத்தைத் தீர்மானிக்கும் அந்த மரபணு, பின்னர் ஒரு கைனேஸை உருவாக்குவது என்று தெரியவந்தது.

இந்தக் கைனேஸ் தனித்து இயங்குவதில்லை. மாசசூசெட்ஸ் கடற்கரையிலுள்ள உட்ஸ் ஹோல் ஆய்வகத்தில் 1982-ஆம் ஆண்டுக் கோடையில் கடல் முள்ளெலியின் முட்டைகளை ஆராய்ந்த டிம் ஹண்ட், ஒரு புரதம் சிறிது சிறிதாகத் திரண்டு, முட்டை பிளவுறும் தறுவாயில் திடீரென மறைந்து, மீண்டும் திரளுவதைக் கண்டார். சைக்ளின் எனப்பட்ட அப்புரதம் வந்து கூடினாலன்றிக் கைனேஸுக்கு ஊக்கம் பிறப்பதில்லை. சைக்ளின் அழிந்தவுடன் கைனேஸும் அடங்கிவிடுகிறது. 1987-ல் லண்டனில் மெலனி லீயும் நர்ஸும், நர்ஸ் கண்ட அந்தக் கைனேஸின் மரபணு பழுதுற்ற ஈஸ்டினுள் மனித மரபணுக்களைச் செலுத்திப் பார்த்தபோது, ஒத்த மனித மரபணுவைப் பெற்ற ஈஸ்ட் தடையின்றிப் பிளவுறத் தொடங்கிற்று. நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிந்து வளர்ந்த இரு உயிர்வகைகள் ஒரே கட்டளையைப் புரிந்துகொண்டன என்பதைக் காட்டிலும் உயிரின் ஒருமைக்கு வலிய சாட்சியம் வேண்டுவதில்லை. ஹார்ட்வெல், நர்ஸ், ஹண்ட் மூவரும் 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இன்று அந்த ஆட்சிமுறையை ஓரளவு விரிவாகவே நாம் அறிவோம். வளர்ச்சிக்கான சமிக்ஞை வந்ததும், சைக்ளினைச் சார்ந்து இயங்கும் சி.டி.கே. 4, சி.டி.கே. 6 என்ற கைனேஸ்கள், பிளவைத் தடுத்து நிறுத்தியிருக்கும் ஆர்.பி. என்னும் புரதத்தின்மீது பாஸ்பேட்டுகளை ஏற்றி அதன் பிடியைத் தளர்த்துகின்றன, டி.என்.ஏ. படியெடுப்பு தொடங்குகிறது. அது முடிந்து பிளவுக்கான காலம் கனியும்வரை, வீ 1 என்ற மற்றொரு கைனேஸ், நர்ஸ் கண்ட கைனேஸாகிய சி.டி.கே. 1 என்பதன் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அதைக் கட்டிவைக்கிறது. அந்தப் பாஸ்பேட் கழற்றப்பட்டவுடன் விடுதலை பெற்ற சி.டி.கே. 1, உட்கருவின் உறையைக் கலைத்து, குரோமோசோம்களைச் சுருக்கித் திரட்டிப் பிரிவினைக்கு ஆயத்தமாக்குகிறது. குரோமோசோம்கள் தவறான இழையில் மாட்டிக்கொண்டால் அதைக் கண்டு திருத்துவதற்கு அரோரா என்ற கைனேஸ் காவல் இருக்கிறது. யாவும் முடிந்ததும் சைக்ளின் அழிக்கப்பட்டு, பாஸ்படேஸ்கள் வந்து ஏற்றியவற்றையெல்லாம் இறக்கிவைக்கின்றன.

கோழிக் கட்டியின் பாடம்

கைனேஸுக்கும் புற்றுக்கும் உள்ள உறவின் கதை இன்னும் பழைய ஒரு சோதனையிலிருந்து தொடங்குகிறது. 1911-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் பெய்டன் ரௌஸ், கோழிக்கு வந்த கட்டியை அரைத்து, உயிரணு எதுவும் தங்காதபடி வடிகட்டிய சாற்றை வேறு கோழிகளுக்குச் செலுத்தி, அவற்றிலும் கட்டி எழுவதைக் காட்டினார். வைரஸால் புற்று உண்டாகும் என்ற அக்கருத்தைப் பலர் ஏற்கவில்லை. 55 ஆண்டுகள் கழித்து, 87 வயதில், அவருக்கு நோபல் பரிசு வந்தது. அந்த வைரஸில் புற்றை விளைவிக்கும் மரபணு எதுவென்று தேடியவர்களுக்கு மற்றோர் அதிர்ச்சி காத்திருந்தது. சார்க் எனப்படும் அம்மரபணு வைரஸுக்குச் சொந்தமானதன்று. கோழியின் ஆரோக்கியமான உயிரணுக்களிலேயே இருக்கும் மரபணுவை வைரஸ் என்றோ அபகரித்துச் சென்றிருக்கிறது என்று மைக்கேல் பிஷப், ஹெரால்ட் வார்மஸ் குழுவினர் 1976-ல் நிரூபித்தனர். புற்றின் வித்து நம்முள்ளேயே, பயனுள்ள வேலை செய்துகொண்டிருக்கும் மரபணுவாக இருக்கிறது என்ற பேருண்மை அன்று வெளிப்பட்டது.

சார்க் உருவாக்கும் புரதம் ஒரு கைனேஸ் என்று 1978-ல் தெளிவாயிற்று. அது எந்த அமினோ அமிலத்தின்மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது என்ற வினாவுக்கு விடை தந்தது ஒரு பழைய கரைசல். 1979-ல் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில் டோனி ஹண்டர், வைரஸ் புரதம் ஒன்றைப் பரிசோதித்தபோது, அமினோ அமிலங்களை மின்புலத்தில் பிரிப்பதற்குப் புதிதாகக் கரைசல் தயாரிக்காமல், பலமுறை பயன்பட்ட பழைய கரைசலையே எடுத்துக்கொண்டார். 1.9 இருக்க வேண்டிய அதன் அமிலக்குறி எண் 1.7 ஆகத் தாழ்ந்திருந்தது. சரியான கரைசலில் திரியோனின் பாஸ்பேட்டோடு ஒன்றிக் கலந்து மறைந்திருக்கும் டைரோசின் பாஸ்பேட், அந்தச் சிறு வேறுபாட்டினால் தனிப் புள்ளியாகப் பிரிந்து கண்ணுக்குத் தெரிந்தது. சார்க் கைனேஸும் டைரோசினையே நாடுவது என்று விரைவில் தெரிந்தது. அளவில் மிகச் சொற்பமானதாயினும் வளர்ச்சிக்கான ஆணைகள் பலவும் டைரோசினின் வழியேதான் செல்கின்றன.

ஒட்டிப் பிறந்த விபரீதம்

இந்நூல்களெல்லாம் ஒன்றாகப் பின்னிச் சேர்ந்த இடம் நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய். இந்நோயில் எலும்பு மஜ்ஜை வெள்ளை அணுக்களை அளவின்றிப் பெருக்குகிறது, மண்ணீரல் வீங்குகிறது, தொடக்கத்தில் சாதுவாக இருக்கும் நோய், சில ஆண்டுகளில் தீவிரமாகி உயிரைக் குடித்துவிடும். 1960-ல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் இருவரும் இந்நோயாளிகளின் உயிரணுக்களில் அசாதாரணமாகக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டனர். ஆராய்ச்சிக் கண்ணாடித் தகட்டைக் குழாய் நீரில் நோவல் கழுவியதால், உயிரணுக்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, குரோமோசோம்கள் விலகிப் பரவித் தெளிவாகத் தென்பட்டமை அக்கண்டுபிடிப்புக்குத் துணைநின்றது.

குட்டையான குரோமோசோமிலிருந்து காணாமற்போன துண்டு எங்கே சென்றது என்பதைச் சிகாகோவில் ஜேனட் ரௌலி அம்மையார் 1972-ல் கண்டறிந்தார். சாயமேற்றிய குரோமோசோம்களின் புகைப்படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கத்தரித்து இணைசேர்த்துப் பார்த்த அவர், 22-ஆவது குரோமோசோம் இழந்த துண்டு 9-ஆவதன் நுனியில் ஒட்டியிருப்பதைக் கண்டார். அந்த இடமாற்றத்தில் 9-ஆவதிலிருந்த ஏபிஎல் என்ற டைரோசின் கைனேஸின் மரபணு, 22-ஆவதிலுள்ள பிசிஆர் என்னும் மரபணுவோடு சென்று ஒட்டிக்கொள்கிறது என்று 1980-களில் புலனாயிற்று. தனித்திருக்கும்போது ஏபிஎல் தன்னைத்தானே கட்டி அடக்கி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. பிசிஆரோடு ஒட்டிய ஏபிஎல்லுக்கு அந்த அடக்கம் இல்லை. அது இரவு பகலாகப் பாஸ்பேட்டுகளை ஏற்றிக்கொண்டேயிருக்க, மஜ்ஜையின் உயிரணுவுக்குப் பெருகு என்ற ஆணை ஓயாமல் செல்கிறது.

இமாட்டினிப்

காரணம் ஒரே ஒரு கைனேஸ் என்றால் அதனை மட்டும் தடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் இயல்பாக எழும். ஆனால் எல்லாக் கைனேஸ்களும் ஏ.டி.பி.யையே பற்றுவன, அது அமரும் பள்ளமும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியானது. ஒன்றை அடைக்கும் மருந்து மற்றவற்றையும் அடைத்து நோயாளியையே வீழ்த்திவிடும் என்று அறிஞர் பலர் ஐயுற்றனர். ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா-கெய்கி நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடன், அலெக்ஸ் மேட்டர், யூர்க் சிம்மர்மன் ஆகியோர் அந்த ஐயத்துக்கு அஞ்சாமல் உருவாக்கிய சேர்மங்களை, அமெரிக்காவின் போர்ட்லண்டில் பிரையன் டிரக்கர் சோதித்தார். அவற்றுள் ஒன்று, ஆய்வகத்தில் வளர்த்த நோயாளிகளின் புற்று உயிரணுத் திரள்களை 92 முதல் 98 சதவிகிதம்வரை குறைத்து, இயல்பான உயிரணுக்களை விட்டுவைத்ததாக 1996-ல் அறிவித்தார்கள். பின்னர் இமாட்டினிப் எனப் பெயர்பெற்ற மருந்து அதுவே.

மனிதர்கள்மீதான பரிசோதனை 1998 ஜூனில் தொடங்கிற்று. பழைய சிகிச்சைகள் கைவிட்ட நோயாளிகளுள், நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புநிலைக்குத் திரும்பியது. 2001 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. இமாட்டினிப்பால் சிகிச்சை தொடங்கியோரைப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த பெரும் ஆய்வு ஒன்றில், பத்தாண்டு முடிவில் உயிரோடிருப்போர் 83 சதவிகிதம் என்று மதிப்பிட்டனர். ஒருசில ஆண்டுகளே தவணையாகக் கிடைத்துவந்த ஒரு நோயின் சரித்திரத்தில் இது யுகமாற்றம் என்றால் மிகையன்று.

இம்மருந்து ஏன் பிற கைனேஸ்கள் பலவற்றை விட்டுவிடுகிறது என்பதை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பைத் தொடங்கி அமெரிக்கா சென்ற ஜான் குரியனின் குழு 2000-ல் விளக்கியது. ஊக்கமுற்ற கைனேஸ்கள் யாவும் வடிவில் ஒத்திருப்பினும், அடங்கியிருக்கும்போது ஒவ்வொன்றும் தனக்கே உரிய வடிவத்தைக் கொள்ளுகிறது. இமாட்டினிப், ஏபிஎல் அடங்கியிருக்கும் கணத்தில் அதனுள் நுழைந்து, மீண்டும் எழவொட்டாமல் பூட்டிவிடுகிறது. ஆயினும் நோயும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. கைனேஸின் 315-ஆம் இடத்திலுள்ள திரியோனின் ஐசோலூசினாக மாறிவிட்டால் மருந்து அங்கே பொருந்தாது என்று 2001-ல் சார்லஸ் சாயர்ஸ் குழுவினர் கண்டனர். அதன்பின் டசாட்டினிப், நிலோட்டினிப் ஆகியவையும், அந்த 315-ஆம் இட மாற்றத்தையே வெல்லும் பொனாட்டினிப்பும் வந்தன. நுரையீரல், மார்பகம், தோல் முதலிய உறுப்புகளின் புற்றுக்கும் சேர்த்து இன்று 80-க்கும் மேற்பட்ட கைனேஸ் தடுப்பு மருந்துகள் புழக்கத்தில் உள்ளன, சி.டி.கே. 4, 6 ஆகியவற்றை அடக்கும் பால்போசிக்ளிப் 2015 முதல் மார்பகப் புற்றுக்கு வழங்கப்படுகிறது. எனினும் பல பழுதுகள் ஒருசேர நிகழ்ந்து எழும் புற்றுகளில், ஒரு கைனேஸை அடைத்தால் நோய் வேறு வழியைத் தேடிக்கொள்கிறது. அவற்றில் வெற்றி இன்னும் அரைகுறையானதே.

சென்னையில் தொடங்கிய வழக்கு

இந்த வரலாற்றின் முக்கியமான அத்தியாயம் ஒன்று நமது சென்னையில் எழுதப்பட்டது. சீபா-கெய்கியும் சாண்டோஸும் இணைந்து உருவான நோவார்ட்டிஸ், இமாட்டினிப் மெசிலேட் என்னும் உப்பின் பீட்டா படிக வடிவத்துக்கு உரிமை கோரி, 1998-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளர் உதவிச் சங்கமும், மருந்து தயாரிக்கும் இந்திய நிறுவனங்களும் எதிர்ப்புத் தெரிவித்தன. 2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதற்கு ஆதாரமாயிருந்த, காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாது என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-ல் ஏற்க மறுத்தது. இறுதியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அறிந்த பொருளின் புதிய வடிவம் காப்புரிமை பெற வேண்டுமானால் நோய் தீர்க்கும் ஆற்றல் கூடியிருக்க வேண்டும். மருந்துத் தூள் தடையின்றி ஒழுகுவதும் ஈரத்தைக் குறைவாக உறிஞ்சுவதும் மட்டும் போதா என்பது தீர்ப்பின் சாரம்.

அத்தீர்ப்பின் பொருளை எண்களில் சொன்னால், மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் என்று விலை சொல்லப்பட்ட மருந்தின் இந்தியத் தயாரிப்பு 8,000 ரூபாய் அளவில் கிடைத்துவந்தது. அந்தத் தயாரிப்பு தடைப்படாமல் தொடர்ந்தது. நோவார்ட்டிஸ் நிறுவனம் நோயாளிகள் பலருக்கு இலவசமாகவே மருந்தை அளித்துவந்ததும் உண்மை; அதற்கு நன்றி பாராட்டுவதே முறை. ஆனால் ஒருவரது தயாளத்தை நம்பி உயிர்வாழ்வதும், தன் கைக்கு எட்டும் விலையில் மருந்தை உரிமையோடு வாங்கி உயிர்வாழ்வதும் ஒன்றாகா. மேனாடுகளில் முதியோரைப் பெரிதும் பற்றும் இந்நோய், நம் நாட்டில் முப்பதும் நாற்பதும் வயதான, குடும்பத்தைத் தாங்கும் பருவத்தினரையே மிகுதியாகப் பற்றுகிறது என்பதை நினைத்தால் இந்த வேறுபாட்டின் கனம் விளங்கும்.

செய்ய வேண்டுவன

இம்மாத்திரையை உட்கொள்வோர் உடம்பு தேறிவிட்டதென்று தாமாகவே நிறுத்திவிடுவதும், இடையிடையே தவறவிடுவதும் பெருந்தீங்கு. கைனேஸ் அடங்கியிருப்பது மருந்து இருக்கும்வரையில்தான். வேளை தவறும்போதெல்லாம் பழைய ஆணை மீண்டும் ஒலிக்கத் தொடங்குகிறது. பல ஆண்டுகள் நோயின் சுவடே தென்படாத நிலையை அடைந்தவர்கள் மட்டும், மருத்துவரின் கண்காணிப்பில், மரபணுச் சோதனைகளைத் தொடர்ந்து செய்துகொண்டு மருந்தை நிறுத்திப் பார்க்கலாம். அவ்வாறு நிறுத்தியோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்பவில்லை. ஆகவே மலிவான மாத்திரை மட்டும் போதாது; இரத்தத்தில் பிசிஆர்-ஏபிஎல்லின் அளவை உரிய காலங்களில் கணிக்கும் சோதனையும் மாவட்டந்தோறும் ஏழை எளியோருக்கு எட்ட வேண்டும்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். வடிதாளின் கால்சியத்தையும், பூஞ்சை படர்ந்த ஈஸ்ட் தட்டையும், கடல் முள்ளெலியின் முட்டையையும் ஆராய்ந்தவர்களிடம் இதனால் நாட்டுக்கு என்ன பிரயோஜனம் என்று அன்று கேட்டிருந்தால், இரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை வரும் என்று அவர்களால் பதில் சொல்லியிருக்க முடியாது. உடனடிப் பலனைக் காட்டாத ஆராய்ச்சிக்குப் பொதுப்பணத்தைச் செலவிடுவது வீண் என்று வாதிடுவோர் இச்சரித்திரத்தை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் இளைஞர் ஒருவர் எவருக்கும் பயன்படாதது போலத் தோன்றும் கேள்வி ஒன்றைப் பத்தாண்டுகள் பொறுமையோடு துருவுவதற்கு ஊதியமும் ஆய்வகமும் சுதந்திரமும் அளிப்பது தருமமும் அன்று, ஆடம்பரமும் அன்று. நாளைய நோயாளிக்கு இன்று நாம் செய்தாக வேண்டிய கடமை.